துறை கடந்து வந்த ஒயில்

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மகாவலி கடலில் கலக்குமுன் கிளை பிரிந்து பரப்பிய வண்டல் நிலத்தில் இருக்கிறது தோப்பூர். வயல், வாய்க்கால், களப்பு, தரவை என்று எந்தப் பக்கம் போனாலும் நீரைத் தொட்டுத்தான் போகவேண்டும். இங்கும் மூதூர், பள்ளிக்குடியிருப்பு, ஈச்சிலம்பற்று, கிண்ணியா முதலிய அயலூர்களிலும் உழவு மெசினோ வானோ காரோ வைத்திருப்பவர் அதன் கியர் ஒயிலை வீட்டு முற்றத்திலேயே இறக்கிப் புதிதை ஊற்றிக்கொள்வது ஊரறிந்த பழக்கம். கொழும்பிலிருந்து பார்ப்பவர்கள் இதற்குச் சட்டென்று ஒரு காரணம் சொல்லிவிடுவார்கள்: சர்விஸ் நிலையத்துக்குக் கொடுக்கக் காசில்லை. நான் அதை ஏற்கவில்லை. காசுதான் காரணம் என்றால் செலவு கூடிய வேலைகள்தான் முதலில் வீட்டுக்கு வந்திருக்கவேண்டும். எஞ்சின் பிரிப்பதும் ரிங் மாற்றுவதும் கராஜ் பாஸிடமே போயின. சில போத்தல் ஒயிலோடு முடிகிற வேலைதான் முற்றத்துக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தது முதலில் இந்த நிலத்தின் நீர், அடுத்தது இந்த நாட்டின் எண்ணெய் வரலாறு. பணத்தட்டுப்பாடு இரண்டுக்கும் பின்னால் வந்து சேர்ந்தது.

நீர் எப்படிக் காரணமாகும் என்பதை விளங்கிக்கொள்ள கியர்பொக்ஸுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். எஞ்சின் ஒயில், பெற்றோலும் டீசலும் எரியும் இடத்துக்கு அருகே ஓடுவதால் கரியேறிக் கறுக்கும், குறைந்தும் போகும். கியர்பொக்ஸில் எதுவும் எரிவதில்லை. பற்சில்லுகள் ஒன்றையொன்று நெருக்கும் அழுத்தத்தைத் தாங்கும் மெல்லிய படலமாக ஒயில் அங்கே நிற்கிறது. வெளியிலிருந்து கெடுதல் வராவிட்டால் அது பல ஆண்டு தாங்கும். காய்ந்த தரையில் ஓடும் கார்க்காரர்கள் கியர் ஒயில் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோவது இதனால்தான். தோப்பூரில் கெடுதல் வெளியிலிருந்துதான் வந்தது. ஓடிச் சூடேறிய கியர்பொக்ஸுக்குள் காற்று விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு வண்டி வாய்க்காலிலோ சேற்று வயலிலோ துறையின் இறக்கத்திலோ நீருக்குள் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப, மூச்சுத் துளை வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் நீர் உள்ளே இழுபடும். நீர் கலந்த ஒயில் பால்போல் வெளுத்து நுரைக்கும். பிறகு படலம் நிற்காது, பெயாரிங்கில் துரு ஏறும். உப்புநீர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே வாகனத்தோடு வந்த கைநூலின் மைல் கணக்கு இந்த மண்ணில் செல்லவில்லை. வெள்ளம் வடிந்ததும் ஒருமுறை, பெரும்போக உழவு முடிந்த கையோடு ஒருமுறை என்று நீர் சொன்ன கணக்கே கணக்காயிற்று. உலர்ந்த ஊரில் பல ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலை இங்கே ஒவ்வொரு போகத்துக்கும் வந்தது. அவ்வளவு அடிக்கடி வரும் வேலையை ஆறு கடந்து கொண்டுபோய்ச் செய்ய முடியாது.

இயந்திர அறிவெல்லாம் நகரத்துக் கராஜிலிருந்து கிராமத்துக்குக் கசிந்தது என்று ஒரு கருத்து உண்டு. மோட்டார் வருமுன்பே அச்சைப் பேணுவது வண்டிக்காரரின் சொந்த வேலையாக இருந்ததை அது மறந்துவிடுகிறது. ஆமணக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துச் செய்த மையைக் குழாயில் அடைத்து வண்டியோடு கொண்டுபோவது தமிழர் வண்டிப் பாதைகளின் வழமை. புறநானூற்றில் ஔவையாரின் பாட்டொன்று, உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் சேமமாக இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போவதைக் குறிப்பிடுகிறது. முறிந்தால் வழியிலேயே மாற்றவேண்டும் என்பதே அதன் கணக்கு. இதை வைத்து வண்டி மையிலிருந்து கியர் ஒயில்வரை அறுபடாத மரபு ஒன்று ஓடிவந்தது என்று நான் சாதிக்கவில்லை; அது பெருமைக்காகச் சான்றை இழுத்து நீட்டுவதாகும். ஓட்டுகிறவர்தான் அச்சுக்கும் பொறுப்பு என்ற எண்ணம் மோட்டாரோடு வந்த புதுச்சரக்கு அல்ல என்ற அளவே போதும். மேற்கிலும் தொடக்கம் இப்படித்தான். முதல் கார்களின் கியர்ப்பெட்டிகளில் கெட்டியான கிறீஸை அடைத்தார்கள். சார்ல்ஸ் வேக்ஃபீல்டின் நிறுவனம் 1909இல் கஸ்ட்ரோல் என்ற பெயரில் எண்ணெய் விற்றபோது அதில் சேர்த்ததும் வண்டி மையில் குழைத்த அதே ஆமணக்கெண்ணெய்தான்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் இலங்கைத் தெருக்களை நிறைத்தவை பிரித்தானியக் கார்கள்: 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஹில்மன், போர்ட் அங்லியா. இவற்றைச் செய்தவர்கள், காரை வாங்குகிறவரே அதைப் பராமரிப்பார் என்று எண்ணித்தான் செய்தார்கள். எந்த மூடியைக் கழற்றுவது, எந்த ஒயிலை எந்த மட்டத்துக்கு ஊற்றுவது, கிறீஸ் துப்பாக்கியை எந்த நிப்பிளில் வைப்பது என்பதெல்லாம் உரிமையாளரின் கைநூலில் படத்தோடு இருந்தன. மொரிஸ் மைனரின் கியர்பொக்ஸில் ஒயில் ஊற்ற வண்டிக்குக் கீழே படுக்கவும் வேண்டாம். கால்விரிப்பைத் தூக்கி இறப்பர் அடைப்பை நீக்கினால் நிரப்பும் துளைக்குக் கை எட்டும். ஊற்றவேண்டியதும் எஞ்சினுக்கு ஊற்றும் அதே எஸ்.ஏ.ஈ. 30 ரகம். பின் அச்சுக்கு மட்டும் கடும் அழுத்தம் தாங்கும் ஹைப்பொய்ட் 90 வேண்டும். கியர்பொக்ஸுக்கு எஞ்சின் ஒயிலை ஊற்றுவது பட்டிக்காட்டு வேலை என்று பின்னாளில் இகழ்ந்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை. மொரிஸ் மைனருக்கு அதுதான் சரியான முறை. செய்தவர்களே எழுதிக் கொடுத்த முறை. இலங்கைக் கிராமத்தவர் அதை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினார்கள்.

சரி, அந்த எஸ்.ஏ.ஈ. 30 எங்கிருந்து வந்தது? தோப்பூரின் வரலாற்றில் என்னை மிகவும் உறுத்தும் இடம் இது. குடாவின் மறுகரையில், சீனக்குடாவில், பிரித்தானியர் 1920களிலும் 30களிலும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும் எண்ணெய்த் தாங்கிகளைக் காட்டுக்குள் வரிசை வரிசையாகக் கட்டினார்கள். இன்றும் 99 தாங்கிகள் எண்ணப்படுகின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அவற்றில் ஒன்று எரிந்தது. ஆசியாவின் பெரும் எண்ணெய்க் களஞ்சியங்களில் ஒன்று தண்ணீருக்கு அப்பால் நின்றது. அதில் இருந்ததோ போர்க்கப்பல்களின் கொதிகலனில் எரிக்கும் உலை எண்ணெய். வயல்காரரின் மெசினுக்கும் கார்க்காரரின் கியர்பொக்ஸுக்கும் அது உதவாது. 1957இல் பிரித்தானியரின் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்ட பிறகும் தாங்கிகள் கிராமத்துக்குத் திறக்கவில்லை. ஷெல், கால்டெக்ஸ், எஸ்ஸோ கம்பனிகளின் தகரங்களும் பீப்பாய்களும் கொழும்பிலிருந்தே வந்தன. திருகோணமலைவரை பாதை நீளம். அங்கிருந்து மூதூருக்கு லோஞ்சில் குடாவைக் கடக்கவேண்டும்.

அதன் பிறகு எண்ணெய் அரசியலாயிற்று. 1961ஆம் ஆண்டின் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பிறந்தது, அமைச்சர் ரி.பி. இலங்கரத்ன முன்னின்று கம்பனிகளின் சொத்துக்களை அரசுடைமையாக்கினார். அதற்காக 1963இல் அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. சப்புகஸ்கந்த சுத்திகரிப்பாலை 1969இல் இயங்கத் தொடங்கியது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிய காலத்தில் புதிய வாகனம் என்பது கிட்டாப் பொருள், உதிரிப்பாகமும் அப்படியே. கியர்பொக்ஸ் போனால் வண்டியே போனது. வீட்டில் ஒயில் மாற்றும் பழக்கம் இந்த ஆண்டுகளில் வேரூன்றியிருக்கவேண்டும் என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுதான். வறுமைக்கும் தட்டுப்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே பிரித்துப் பார்க்கவேண்டும். கையில் நெல் விற்ற காசு இருந்தாலும் மாற்று கியர்பொக்ஸ் கடையில் இல்லை. மாற்றுக் கிடைக்காத பொருளைக் காக்க ஒரே வழி, இருக்கும் பெட்டிக்கு நல்ல ஒயில்.

இந்தக் கைவேலைக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது கார் அல்ல, உழவு மெசின். 1950களில் அல்லை விரிவாக்கத் திட்டத்தோடு இப்பகுதியில் வயல் பெருகியது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தனவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் இரண்டு சில்லு மெசினான லான்ட்மாஸ்டர் வந்தது. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் செய்யப்பட்டுப் பல நாடுகளுக்குப் போனது அது. பின்னால் குபோட்டாவும் சீன மெசின்களும் வந்தபோதும் கிழக்கில் பலர் வாயில் அது லான்ட்மாஸ்டராகவே நிலைத்துவிட்டது. அதன் உடலமைப்பைக் கவனியுங்கள். இரண்டு சில்லுக்கும் நடுவே, தரைக்கு மிக அருகே கியர்ப்பெட்டி. சேறடிக்கும்போது டயரைக் கழற்றி இரும்புச் சில்லு பூட்டுவார்கள். பெட்டியின் அடிப்பகுதி சேற்று நீரில் தோய்ந்தபடியே நாள் முழுக்கச் சுற்றும். அச்சுச் சீலில் வைக்கோல் சுற்றி அறுத்துவிட்டால் நீர் நேரே உள்ளே. இரும்புச் சில்லோடு இந்த மெசினைத் தார் வீதியில் ஏற்ற முடியாது, ஏற்றினாலும் நடை வேகத்துக்குமேல் போகாது. உழவுக் காலத்தில் இதை மூதூருக்கோ கந்தளாய்க்கோ சர்விஸுக்குக் கொண்டுபோவது பேச்சுக்கே இடமில்லாதது. வரம்பிலோ வீட்டிலோ ஒயிலைப் பார்த்தே தீரவேண்டும். காசு இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இதில் வேறுபாடு இல்லை. நூறு ஏக்கர்ப் போடியாரின் மெசினும் முற்றத்திலேயே ஒயில் மாற்றிக்கொண்டது. வறுமை விளக்கத்தை உடைக்க எனக்கு இந்த ஒன்றே போதும். மெசினில் பழகிய கை பிறகு வானுக்கும் காருக்கும் போனது இயல்பு.

பாதைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவுறாது. கிழக்கில் வாகனத்தை ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவைக்குப் பெயரே பாதை. திருகோணமலை–மட்டக்களப்பு வீதியில் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று துறைக்குத் துறை நின்று நின்று போகவேண்டியிருந்தது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. மற்றப் பாலங்கள் அதை ஒட்டிய ஆண்டுகளில் வந்தன. அதுவரை திருகோணமலைக்கு வாகனத்தோடு போவது ஒரு நாளைத் தின்னும் வேலை. போர் ஆண்டுகளில் இதோடு சோதனைச்சாவடியும் அனுமதிச் சீட்டும் எரிபொருள் கட்டுப்பாடும் சேர்ந்தன. 2006இல் மாவிலாற்று மதகு மூடப்பட்டதில் தொடங்கிய சண்டை மூதூர்வரை வந்தபோது மூதூர், தோப்பூர் மக்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய்ப் பக்கம் ஓடினார்கள். அப்படிப்பட்ட நாளில் கியர் விழாத வண்டி வீட்டில் நின்றால் அதற்கு என்ன பொருள் என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோதும், 2011 ஜனவரி வெள்ளத்திலும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வாப் புயல்மழையில் மகாவலி பெருகியபோதும் நீரில் மூழ்கிய வாகனங்களுக்கு முதல் வைத்தியம் ஒன்றுதான்: ஸ்டார்ட் செய்யாமல் எல்லா ஒயிலையும் இறக்குவது. அதை அன்றே செய்யத் தெரிந்த கை ஊரில் இருப்பதும், வரிசையில் காத்து மூன்று கிழமைக்குப் பிறகு கராஜில் செய்வதும் ஒன்றல்ல.

பாலம் வந்துவிட்டது, கராஜும் ஊருக்குள் வந்துவிட்டது, இனியும் ஏன் முற்றத்து வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அரைகுறை அறிவோடு செய்து பெட்டியைக் கெடுத்தவர்களையும் அவர்கள் காட்டுவார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஒயில் மாற்றுவது எளிது போலத் தோன்றும், பிழைகளும் எளிது. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுப்பது உயிரோடு விளையாடுவது. நிரப்பும் மூடி கழலுமா என்று பார்க்காமல் கீழ் மூடியைக் கழற்றி எல்லா ஒயிலையும் இறக்கிவிட்டு, மேல் மூடி துருவேறி இறுகிக் கிடப்பதைப் பிறகு கண்டு தவிப்பது இன்னொன்று. பின் அச்சுக்கான ஜீ.எல்.-5 ரகத்தைக் கியர்பொக்ஸில் ஊற்றுவது மூன்றாவது; அதில் கூடுதலாக உள்ள கந்தக, பொஸ்பரஸ் சேர்மங்கள் சில பெட்டிகளின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும், அவற்றுக்கு ஜீ.எல்.-4 வேண்டும். ஆனால் இந்தப் பிழைகள் கராஜில் நடப்பதில்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. முற்றத்து வேலையில் கிடைக்கும் ஒன்று கராஜில் கிடைப்பதும் இல்லை. வண்டியைச் சிறிது ஓட்டிச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, பழைய ஒயிலைச் சுத்தமான தட்டில் இறக்குபவர் அதைப் பார்க்கிறார், விரலில் தேய்க்கிறார், மணக்கிறார். வெளுத்திருந்தால் நீர் வந்த வழியைத் தேடவேண்டும். பொன்னிறத் தூள் மின்னினால் வளையம் தேய்கிறது. மூடியின் காந்தத்தில் பசைபோன்ற நுண்ணிய இரும்புத்தூள் என்றால் வழமையான தேய்வு. துண்டு என்றால் பல் உடைந்திருக்கிறது. பொதுப் பீப்பாய்க்குள் இறங்கிப் போகும் ஒயில் உரிமையாளருக்கு எதையும் சொல்வதில்லை. பழுதை முன்கூட்டியே அறிவதுதான் இந்தப் பழக்கத்தின் மெய்யான பெறுமதி. மிச்சம் பிடிக்கும் கூலி சிறு தொகை.

1977க்குப் பிறகு ஜப்பானில் ஓடிக் கழிந்த வான்கள் வந்தன. தோப்பூர் வீதியில் மொரிஸின் இடத்தை டவுன் ஏஸும் டொல்பினும் பிடித்தன. ஒயிலின் ரகம் மாறியதே தவிர வேலை மாறவில்லை. கூட்டுத்தாபனத்தின் உராய்வெண்ணெய்த் தொழில் 1994இல் கால்டெக்ஸிடம் போனது. பின்னர் சந்தை திறந்தது. 2003இல் இலங்கைக்கு வந்த இந்திய நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி. திருகோணமலையிலேயே செர்வோ ஒயில்களைக் கலந்து அடைக்கும் ஆலையை நிறுவியது. போர்க்கப்பலுக்காக மட்டும் எண்ணெய் வைத்திருந்த கரையிலிருந்து, கடைசியில், வயல்காரருக்கான ஒயிலும் வரத் தொடங்கியது. இதை நான் சிறு செய்தியாகக் கருதவில்லை. சீனக்குடாத் தாங்கிகளைப் பங்கிடும் 2022 ஜனவரி உடன்படிக்கை பற்றி நாடே வாதிட்டது. யாருக்கு எத்தனை தாங்கி என்றே வாதம் நடந்தது. கரையோரக் கிராமங்களுக்கு அந்த எண்ணெயால் என்ன பயன் என்ற கேள்வியும் அந்த வாதத்தில் இடம்பெற்றிருக்கவேண்டும்.

இன்று வரும் தானியங்கிக் கியர், சி.வி.டி., கலப்பு எஞ்சின் கார்களுக்கு இந்தப் பழக்கத்தை நீட்டச் சொல்ல மாட்டேன். அவற்றுக்கு வேண்டியது குறித்த ரகத் திரவம். வெப்பநிலையை அளந்தே மட்டம் பார்க்கவேண்டும். பலவற்றில் அளவுகோலே இல்லை. அங்கே முற்றம் பின்வாங்குவதே நியாயம். ஆனால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. அந்த ஐந்தாண்டில் கைக்கியர்ப் பழைய வான்களும் மெசின்களுமே நாட்டைச் சுமந்தன, இன்னும் சுமக்கின்றன. அவற்றின் ஆயுள் ஒயிலில்தான் இருக்கிறது.

நான் முழுமையாக ஏற்கும் மறுப்பு ஒன்று உண்டு, அது கழிவு ஒயில் பற்றியது. வேலிக் கட்டைக்குக் கறையான் ஏறாமல் பூசுவதுபோக மிஞ்சியது வேலியோரத்திலோ வாய்க்காலிலோ கொட்டப்படுகிறது. கிணறு ஆழமில்லாத, நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்த ஊரில் இது நேரே குடிநீருக்கு வருகிறது. பழைய கியர் ஒயிலில் உலோகத் தூளும் கந்தகச் சேர்மமும் இருப்பதால் பொறுத்துக்கொள்ளக்கூடிய குற்றமும் அல்ல. நீருக்கு அஞ்சி உருவான பழக்கம் நீரையே கெடுப்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது. சட்டப்படி கழிவு எண்ணெய் பட்டியலிட்ட ஆபத்துக் கழிவு. அதைப் பொறுப்பேற்று அழிக்க உரிமம் பெற்றவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். ஊருக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு சேகரிப்பு இடம்தான் இல்லாத குறை. மூதூர் பிரதேச சபை தோப்பூர்ச் சந்தைப் பக்கம் கூரையின் கீழ் மூடியுள்ள இரண்டு பீப்பாய்களை வைத்து, ஒயில் விற்கும் கடைகளிலேயே பழைய ஒயிலை வெற்றுத் தகரத்தில் திருப்பி வாங்கும் ஏற்பாட்டைச் செய்யலாம். பெரிய செலவில்லை. அடுத்த பெரும்போக உழவுக்கு மெசின்கள் வயலில் இறங்குமுன் செய்துவிடக்கூடிய வேலை.